லீடர் வீட்டு விருந்து

அவர் என்னைப் பாராட்டினால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். திட்டினால் பரவாயில்லை, திருப்பித் திட்டலாம். அந்த மனுஷன் யாரையும் திட்டி நான் கேட்டதே இல்லை. முதல் சந்தேகமே அங்கேதான் விழுந்தது.

மேல்சபையில் அவர் ஆளுங்கட்சியின் அவை முன்னவர். அன்றன்று எந்த அலுவல் முதலில், எது பிறகு, யார் எவ்வளவு நேரம் பேசுவது, எப்போது ஓட்டுக்கு விடுவது என்பதையெல்லாம் சேர்மனோடு கலந்து முடிவு செய்கிற ஆள். நாங்கள் ‘லீடர்’ என்போம். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. நான் துறைமுகக் கூலிகளின் சங்கத்திலிருந்து எதிர்க்கட்சி வரிசைக்குப் போனவன். இரண்டு பேருக்கும் ராயபுரம்தான் ஊர். அவருக்கு மாடி வைத்த வீடு, எனக்கு இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு. “உங்க ஊர்க்காரர் எப்படி?” என்று சபையில் யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சபையில் நான் பேசிய முதல் பேச்சு இன்னும் நினைவிருக்கிறது. துறைமுகத்தில் கப்பலுக்குத் தண்ணீர் இருக்கிறது, மூட்டை தூக்குகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று மேஜையைக் குத்திக் குத்திப் பேசினேன். கை வீங்கிவிட்டது. லீடர் எழுந்தார். “மாண்புமிகு உறுப்பினர் சொன்னது அத்தனையும் உண்மை. அவருடைய உள்ளத்தை நான் வணங்குகிறேன்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டுக்கு விட்டார்கள். ‘இல்லை’ என்று முதலில் குரல் கொடுத்தவர் அவர்தான். தீர்மானம் தோற்றது.

தண்டையார்பேட்டையில் இருந்த எங்கள் சங்க ஆபீசில் இதைச் சொன்னபோது தோழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “இன்னா தலீவரே, அத்தினியும் உண்மைன்னு சொல்லிக்கினே காலை வாரிட்டாரா? பலே ஆளுதான்!” என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவர் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்க்கப் பார்க்கத்தான் அவர் வித்தை புரிந்தது. சபையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே எழுந்தால், பேசுகிறவர் விரும்பினால் உட்கார்ந்து இடம் கொடுக்கலாம். மந்திரிகள் கொடுக்க மாட்டார்கள். இவர் யார் எழுந்தாலும் உட்கார்ந்துவிடுவார். சந்தேகம் கேட்டாலும் உட்காருவார், வம்புக்கு எழுந்தாலும் உட்காருவார். எங்கள் ஆட்களுக்கு ஒரே குஷி. லீடரை உட்கார வைத்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டு பேசுவார்கள். அப்படிப் பேசிப் பேசி எங்கள் கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தைத் தின்று தீர்த்துவிடுவார்கள். கடைசியில் உருப்படியான திருத்தம் கொண்டுவர நான் எழுந்தால் சேர்மன் கடிகாரத்தைக் காட்டுவார். லீடர் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுவார்.

அப்புறம் சாப்பாடு. எந்த உறுப்பினருக்குச் சர்க்கரை வியாதி, யாருக்குப் பன்னிரண்டு மணிக்கே பசிக்கும், யார் மோர் சாதம் சாப்பிட்டதும் தூங்கிவிழுவார், யார் சாயங்கால ரயிலுக்குப் போக வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. சண்டை வரக்கூடிய மசோதாவைச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் போடுவார். பசித்தவன் எவன் வாதாடுவான்? சட்டமன்றத்தில் நாள் கணக்கில் அடித்துக்கொண்ட சங்கதி, எங்கள் சபையில் சாம்பார் வாசனை வருவதற்குள் முடிந்துவிடும். அவருடைய கட்சிக்காரர்கள் இதை ராஜதந்திரம் என்றார்கள். நான் வயிற்றில் அடிப்பது என்றேன்.

சட்டைப்பையில் ஒரு சின்னத் தகர டப்பாவில் கிராம்பு வைத்திருப்பார். நாம் தொண்டை கிழியக் கத்தி முடித்ததும் இடைவேளையில் வந்து டப்பாவைத் திறந்து நீட்டுவார். “வாயில போட்டுக்குங்க, தொண்டைக்கு நல்லது. நாளைக்கும் பேசணுமில்ல?” மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் ஒரு நாளும் எடுத்ததில்லை.

ஊரிலும் இதே கதைதான். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. மாதா கோயில் முனையில் வைப்பதா, மசூதி முனையில் வைப்பதா என்று பெண்கள் குடத்தால் அடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. லீடரிடம் போனார்கள். அவர் இரண்டு கட்சிக்கும் டீ வரவழைத்தார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம் என்றார். பேசி முடிக்க ஒரு கமிட்டி போட்டார். கமிட்டி பேசி முடிக்கும்வரை குழாய் தற்காலிகமாக அவர் வீட்டு வாசலில் இருக்கட்டும் என்றார். நான் அறிந்தவரை அந்தக் கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை நான் அவரை மடக்கப் பார்த்தேன். சபை நடக்க வேண்டுமானால் குறைந்தது பத்துப் பேராவது உள்ளே இருக்க வேண்டும். அதைத்தான் கோரம் என்பார்கள். யாராவது எழுந்து கோரம் இல்லை என்று சொல்லிவிட்டால் சேர்மன் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தும் ஆள் சேராவிட்டால் அத்தோடு சபையைக் கலைக்க வேண்டும். ஒரு மத்தியானம் ஆளுங்கட்சி பெஞ்சு காலியாகக் கிடந்தது. துள்ளி எழுந்து கோரம் இல்லை என்றேன். மணி அடித்தது. லீடர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். அடுத்த நிமிஷம் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி அவருடைய ஆட்கள் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அத்தனை பேரையும் தாழ்வாரத்தில் உட்கார வைத்துப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்திருக்கிறார். சபையே சிரித்தது, சேர்மன் உட்பட. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் தேசம்மாவின் வீடு போய் மாட்டியது.

தேசம்மா மீன்காரி. எங்களுக்கு வடக்கே கடலோரக் குப்பத்தில் இருந்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு கூடை தூக்கி மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். என்னைவிட மூத்தவள், நான் அக்கா என்பேன், அவள் என்னை நைனா என்பாள். அந்தக் குப்பத்தை எடுத்துக்கொண்டு நிலக்கரி கொட்ட ஒரு கம்பெனிக்குக் கொடுப்பதற்காகக் கடற்கரை நில மசோதா என்று ஒன்று வந்தது. சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. எங்கள் சபையிலும் நிறைவேறினால் குடிசைகளும் போகும், கட்டுமரம் இழுத்துப் போடுகிற மணலும் போகும். கம்பெனிக்காரன் அவசரப்பட்டான். மழைக்கு முன்னால் நிலம் கைக்கு வராவிட்டால், எண்ணூர்ப் பக்கம் ஆளில்லாத பொட்டலைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். கூட்டத்தொடரோ முடியப்போகிறது, அடுத்தது மழை விட்ட பிறகுதான். இந்தத் தொடரில் மசோதா தப்பினால் குப்பம் தப்பியது.

தேசம்மா என்னை இழுத்துக்கொண்டு லீடர் வீட்டுக்கே போனாள். அவர் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். முழுக்கக் கேட்டார்.

“சாமி, எனுக்கு சட்டம் கிட்டம் ஒண்ணியும் தெரியாது. எங்க வூடு இருக்குமா இருக்காதா, அத்த மட்டும் சொல்லு” என்றாள்.

“நீங்க சொல்றது அத்தனையும் நியாயம்மா” என்றார் லீடர்.

எனக்குப் பகீரென்றது. தேசம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தெருவுக்கு வந்ததும், “தங்கமான மனுஷன் நைனா! நீ இன்னாத்துக்கு அந்தாள கரிச்சிக் கொட்டிக்கினு கீற?” என்றாள். அவர் நியாயம் என்று சொன்னதாலேயே வீடு போய்விட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

நான் பயந்தபடியே அலுவல் வரிசை வந்தது. கடைசி நாள், சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் முதல் அலுவலாகக் கடற்கரை நில மசோதா. அதற்கு முந்தின நாள் லீடர் சபை நடுவே நடந்து நேராக என் பெஞ்சுக்கு வந்தார்.

“நாளைக்குத் தொடர் முடியுது. எல்லா உறுப்பினருக்கும் மத்தியானம் நம்ம வூட்ல விருந்து. காதர் பாய் பிரியாணி. நீங்க அவசியம் வரணும்” என்றார்.

ஆறு வருஷத்தில் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய்ச் சோறு போடாத கஞ்சன். நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். “எனக்கு வேலை இருக்குது” என்றேன்.

“என்ன வேலை? உங்க ஆளுங்க நாலு பேரையும் கூட்டிக்கினு வாங்க. சாப்பிட்டுக்கினே அந்தக் குப்பத்து விஷயத்தையும் பேசிடலாம்” என்று கண்ணைச் சிமிட்டினார்.

அந்தக் கண் சிமிட்டல் என்னைப் பைத்தியமாக்கிவிட்டது. பிரியாணி போட்டு என் வாயை அடைக்கப் பார்க்கிறான். இல்லையென்றால் எங்களை அங்கே உட்கார வைத்துவிட்டு இங்கே மசோதாவை முடிக்கப் போகிறான். அதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது வழியை மறித்து மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார். “உங்க வூட்டுச் சோறு எனக்குச் செரிக்காது” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவர் சிரித்தார். என் கட்சிக்காரர்கள் நாலு பேரையும் கூப்பிட்டு, எவனாவது அந்த வீட்டுப் படி ஏறினால் அப்புறம் என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். ஒருவன் பிரியாணி மேல் உயிரையே வைத்திருந்தவன். அவன் என்னை மன்னிக்கவே இல்லை.

மறுநாள் இடைவேளை விட்டதும் லீடர் அமர்த்திய பெரிய பஸ் சபை நடக்கிற கோட்டை வாசலுக்கு வந்தது. அவருடைய கட்சிக்காரர்கள் முக்கால்வாசிப் பேரும் மற்றக் கட்சிக்காரர்களும் ஏறிக்கொண்டார்கள். மந்திரிகளில் சிலர் கூட ஏறினார்கள். மிச்சம் கொஞ்சப் பேர் ஊருக்குப் போகும் அவசரத்தில் காலையிலேயே மூட்டை கட்டியிருந்தார்கள். நான் இடத்தை விட்டு நகரவில்லை. வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டு காலியான சபையில் காவல் காத்தேன்.

மணி ஆனது. சேர்மன் வந்து உட்கார்ந்தார். கதவு திறந்து லீடர் வந்தார். தனியாக வந்தார். வேட்டி கசங்கி, வேர்த்து விறுவிறுத்து, கைரிக்‌ஷாவில் வந்த தூசியோடு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சுகள் காலி.

பஜ்ஜி தின்றவர்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள். இரண்டாவது முறையும் கேலிக்கு ஆளாக நான் தயாராக இல்லை. எங்கள் ஆள் ஒருவனை அனுப்பித் தாழ்வாரம், காப்பி அறை, கக்கூஸ்வரை பார்த்துவரச் சொன்னேன். “ஒரு ஈ, காக்கா இல்ல” என்று வந்து சொன்னான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கே ஒளித்து வைத்திருக்கிறான்? கூரை மேலா? அதற்குள் லீடர் மசோதாவை முன்மொழிய எழுந்துவிட்டார். தேசம்மா நினைவுக்கு வந்தாள். வந்தது வரட்டும் என்று எழுந்து, “கோரம் இல்லை!” என்று கத்தினேன். எங்கள் நாலு பேரையும் வெளியே போகச் சொல்லிக் கை காட்டினேன். லீடர் வழக்கம்போல எனக்கு இடம் கொடுத்து உட்கார்ந்தார்.

மணி அடித்தது. அந்தச் சத்தம் கோட்டை முழுக்கக் கேட்டிருக்கும். நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். லீடர் எழுந்து கதவுப் பக்கம் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மணி ஓய்ந்தது. யாரும் வரவில்லை. சேர்மன் அவரைப் பார்த்து, “லீடர் என்ன சொல்கிறார்?” என்று கேட்டார்.

அவர் எழுந்தார். “மாண்புமிகு உறுப்பினர் சொல்வது அத்தனையும் உண்மை” என்றார்.

சபை கலைந்தது. தொடரும் அத்தோடு முடிந்தது.

அவருடைய ஆட்கள் எங்கே போனார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. விருந்து முடித்து பஸ் திரும்பும்போது ராயபுரம் ரயில்வே கேட் மூடிக்கொண்டது. பின்னால் கட்டை வண்டியும் கைவண்டியும் வந்து அடைத்துக்கொள்ள, பஸ் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் நின்றுவிட்டது. பிரியாணி தின்ற வயிற்றோடு அந்த வெயிலில் மந்திரிகள் கேட்காரனை அதட்டினார்களாம். அவன், “கூட்ஸ் வண்டிகிட்ட போயி சொல்லு சாமி” என்றானாம். ஆயுசுக்கும் அந்தக் கேட்காரனுக்கு நான் கும்பிடு போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

குப்பம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டது. மேளம், மாலை, தெருத் தெருவாக ஊர்வலம். லீடர் வீட்டு வாசலில் வேண்டுமென்றே நின்றார்கள். தேசம்மா முன்னால் போய், “எங்க வூட்ட வித்துட்டு பிரியாணியா துன்ன? நீ மண்ணா போவ!” என்று தெரு மண்ணை இரண்டு கையாலும் வாரி அவர் வாசலில் இறைத்தாள். மாடியில் அவர் நிற்பது தெரிந்தது. நான் மாலையைச் சரிசெய்துகொண்டு பார்க்காதது போல இருந்தேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நானும் ராயபுரத்தில் பிறந்தவன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துறைமுகத்து கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் இழுபட்டுக்கொண்டே இருக்கும், கேட் லேசில் திறக்காது என்பது எங்கள் பேட்டையில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பயந்தே அந்த நேரத்தில் யாரும் பட்டணத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். இந்த ஆளுக்குத் தெரியாதா? தான் மட்டும் முன்னாலேயே ரிக்‌ஷாவில் கிளம்பி வந்துவிட்டாரே, அது எப்படி?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் நேராகவே கேட்டேன். “கேட் மூடும்னு தெரிஞ்சுதான் பஸ்ஸுல ஏத்தினீங்களா?”

அவர் வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “என் கட்சி மசோதாவ நான் எதிர்த்துப் பேச முடியுமா? அந்தம்மா சொன்னது நியாயம். எனக்குத் தெரிஞ்ச வேலை, எது எப்ப நடக்கணும்னு பார்த்து வைக்கறது ஒண்ணுதான். அதைச் செஞ்சேன்.”

“அப்ப என்னை எதுக்கு அத்தனை தடவை கூப்பிட்டீங்க? நானும் வந்திருந்தா கோரம் இல்லைன்னு சொல்ல ஒரு நாதி இருந்திருக்காதே!”

“ஒரு தடவை கூப்பிட்டா வந்தாலும் வந்துடுவீங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட்டா நீங்க சந்தேகப்படுவீங்க, சாப்பிடாம அங்கயே குந்திக்கினு இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க சந்தேகத்தைத்தான் நான் முழுசா நம்பினேன். நடுவுல பிரியாணின்னதும் உங்களுக்கும் சபலம் தட்டிடுமோன்னு ஒரு பயம் இருந்துது.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. என் ரோஷத்தைக் கூட அலுவல் வரிசையில் சேர்த்திருக்கிறான் இந்த மனுஷன்! தேசம்மாவிடம் இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாது. அந்தம்மா வாயில என் பேரு நல்லபடியா வந்தா, என் கட்சிக்காரங்க அன்னிக்கே கண்டுபிடிச்சுடுவாங்க. வீம்புக்காகவே மசோதாவத் திரும்பக் கொண்டாருவாங்க. அவங்க திட்டட்டும். நீங்களும் திட்டறத நிறுத்தாதீங்க.”

நிறுத்தவில்லை. கம்பெனி எண்ணூர்ப் பக்கம் போன பிறகும், அவர் கட்சியில் சில பேர் மோப்பம் பிடித்துக்கொண்டே இருந்ததால், சபையில் முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாக அவரைத் திட்டினேன். அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். இவ்வளவுக்கும் பிறகு எனக்குச் சந்தேகம் முழுதாகத் தீர்ந்ததா என்றால், இல்லை. பஸ் தற்செயலாக மாட்டியிருக்கலாம். அதைத் தன் கணக்கில் எழுதி என் வாயைக் கட்டிவிட்டாரோ என்று சில நாள் தோன்றும். ஆனால் தேசம்மா தினம் காலையில் மீன் விற்கப் போகும்போது அவர் வாசலில் ஒரு கை மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் போனாள். ஒரு நாள் கூட அவர் ஆள் விட்டுத் தடுக்கவில்லை. பெருக்குகிறவளிடம், “அந்தம்மா போன அப்புறம் பெருக்கு” என்று மட்டும் சொல்லியிருந்தாராம்.

அவர் செத்த அன்று குப்பத்துக்குப் போனேன். தேசம்மா வலையோரம் உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். “வாக்கா, ஒரு மாலை போட்டுட்டு வரலாம்” என்றேன்.

“அந்தாளு மூஞ்சில நான் முயிக்க மாட்டேன். நீ வேணா போ” என்றாள்.

இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். விருந்து, பஸ், கேட், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டது வரை சொன்னேன். அவள் மீனை அப்படியே போட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் எழுந்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவர் வீட்டு வாசலில் கூட்டம். பெரிய மனிதர்களின் கார்கள். தேசம்மா உள்ளே போகவில்லை. வாசல் படியிலேயே நின்றுவிட்டாள். பெருக்கித் தண்ணீர் தெளித்த தரையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நாலு வருசமா இங்க மண்ண வாரி வாரி வுட்டேனே நைனா. இப்ப அத்த எங்க போயி நான் பொறுக்குவேன்?” என்றாள்.